ஊர் கடந்து செல்லும் செவிலியர்

நோயுற்றாரைப் பேணுதல் எல்லாச் சமயங்களும் ஒருமித்துப் போற்றும் அறமாகும். ஆயினும் அவ்வறத்தையே தொழிலாக ஏற்று, பெற்றோரையும் பிறந்த ஊரையும் பிரிந்து, தொலைநகர மருத்துவமனைகளில் இரவும் பகலும் பணியாற்றுவோரைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே சிந்தித்திருக்கின்றோம். நாஞ்சில் நாட்டின் ஊர்களில் செவிலியாகப் பணிபுரியும் மகளோ மருமகளோ உள்ள வீடுகள் பல. அவர்களுள் சிலர் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணிபுரிகின்றனர். சிலர் திருவனந்தபுரம், வேலூர், சென்னை, பெங்களூர், மும்பை, தில்லி ஆகிய நகரங்களுக்குச் செல்கின்றனர். வேறு சிலர் கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் செல்கின்றனர். அவர்கள் எத்தகைய ஏற்பாட்டின்கீழ்ச் செல்கின்றனர், சென்ற இடத்தில் அவர்களை எதிர்கொள்வது யாது, அவர்களுக்கு நாம் செய்யக் கடமைப்பட்டது யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செவிலி என்னும் சொல்

தமிழ்த்துறை மாணவர்க்குச் 'செவிலி' என்னும் சொல் புதிதன்று. சங்க அகப்பாடல்களில் தலைவியை ஈன்றவள் நற்றாய்; வளர்த்தவள் செவிலித்தாய். உடன்போக்கில் தலைவனுடன் சென்றுவிட்ட தலைவியைத் தேடிச் சுரம் கடந்து நடப்பவளும், எதிர்ப்படுவோரை வினவுபவளும் அச்செவிலியே. பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பேணுதலும், அப்பிள்ளைக்காக வழிநடை வருத்தம் பொறுத்தலும் அச்சொல்லின் பொருளிலேயே அடங்கியிருந்தன. 'நர்ஸ்' என்பதற்குத் தமிழ் தேடிய அறிஞர் இச்சொல்லைத் தேர்ந்தது பொருத்தமே எனலாம். மக்கள் வழக்கில் அவர் 'சிஸ்டர்' ஆனார். ஆடவர் இப்பணியிற் புகுந்தபின் 'பிரதர்' என்னும் அழைப்பும் வழக்கில் வந்தது. இரண்டும் உடன்பிறப்பைக் குறிக்கும் சொற்களே.

இஸ்லாமிய வரலாற்றில் செவிலியம்

செவிலித் தொழில் மேனாட்டார் நமக்குக் கற்பித்தது என்றும், முஸ்லிம் பெண்டிர்க்கு ஏலாதது என்றும் கருதுவோர் இன்றும் உளர். வரலாறு அக்கருத்துக்கு இடந்தரவில்லை. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் வாழ்ந்த ருபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) அவர்கள் காயமுற்றோருக்கு மருந்திடுவதில் தேர்ந்தவர். நபிகளாரின் பள்ளிவாசல் வளாகத்திலேயே அவருடைய மருத்துவக் கூடாரம் அமைந்திருந்தது. கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப் போரில் அம்பு தைத்துக் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை அக்கூடாரத்தில் வைத்துப் பேணும்படி நபிகளார் பணித்தனர். மதீனத்து அன்சாரிப் பெண்மணியான உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்ப் பயணங்களில் உடன் சென்று, வீரருக்கு உணவு சமைத்தும் காயத்துக்கு மருந்திட்டும் பணிபுரிந்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. ஊர் கடந்து சென்று தொண்டாற்றிய செவிலியர் இவர்கள்.

இவ்விடத்தே நாம் கருதற்குரிய செய்தி மற்றொன்றும் உண்டு. போர்க்களத்தில் காயமுற்றோரைப் பேணிய பெண்டிருக்குப் போரில் கிட்டிய பொருளிலிருந்து அன்பளிப்பு வழங்கப்பட்டது என்பதையும் அந்நூல்கள் கூறுகின்றன. தொண்டு என்பதற்காக அவர்தம் உழைப்பு வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்படவில்லை. இச்செய்தியைப் பின்னர் நினைவுகூர்வோம்.

மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமையும் வழக்கமும் இஸ்லாமிய நகரங்களில் தழைத்ததே. 1154இல் நூருத்தீன் திமிஷ்க் நகரில் எழுப்பிய நூரி மருத்துவமனையும், 1284இல் கெய்ரோவில் எழுந்த மன்சூரி மருத்துவமனையும் நோயாளிகளைக் குணப்படுத்தியதோடு மாணவரையும் உருவாக்கின. நுரையீரலின் வழியே இரத்தம் சுழலும் பாதையை விளக்கிய இப்னு நபீஸ் நூரி மருத்துவமனையில் பயின்றவர். தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோ மருத்துவமனைக்கே விட்டுச் சென்றவர். மன்சூரி மருத்துவமனையில் ஆண், பெண் நோயாளிகளுக்குத் தனித்தனிக் கூடங்களும், அவரவரைப் பேண ஆண், பெண் பணியாளரும் இருந்தனர்.

குமரி மாவட்டமும் மருத்துவத் தொண்டும்

திருவிதாங்கூரின் தென்பகுதியாக இருந்து 1956 நவம்பர் 1இல் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நம் மாவட்டத்துக்கு மருத்துவத் தொண்டில் நெடிய மரபு உண்டு. இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் சிகரப் பயணக் குழுக்களில் இடம்பெற்ற டாக்டர் சாமர்வெல், முதற்பயணத்தின்பின் நெய்யூருக்கு வந்து, நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, தம் பணிவாழ்வின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையாரின் கேத்தரின் பூத் மருத்துவமனை வளர்ந்தது. தமிழகத்தின் வட எல்லையில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்குச் செவிலியத்துக்குப் பட்டப்படிப்பும் ஏற்பட்டது.

இந்நிறுவனங்கள் நம் பகுதிப் பெண்டிர் முன் ஒரு புதிய வாயிலைத் திறந்தன. முதலில் அவ்வாயிலில் நுழைந்தவர் பெரும்பாலும் கிறித்தவச் சகோதரிகளே. தீட்டு, தீண்டாமை என்னும் தடைகளும் கோஷா முறையும் ஏனையோரை நெடுங்காலம் தயங்கச் செய்தன. இன்று அத்தயக்கம் குறைந்துள்ளது. ஆயினும் பயின்று தேர்வோர் அனைவர்க்கும் சொந்த மாவட்டத்திலேயே பணியிடம் கிட்டுவதில்லை. எனவே பயணம் இத்தொழிலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

பயணச் செவிலியர் என்போர் யார்?

அமெரிக்க நாட்டில் 'பயணச் செவிலியர்' என்றொரு பிரிவினர் உளர். 1970களின் இறுதியில், நியூ ஆர்லியன்ஸ் நகரின் மார்டி கிரா திருவிழாக் காலத்தில் மிகுந்த நோயாளிகளைக் கவனிக்க வெளியூர்ச் செவிலியர் அழைக்கப்பட்டதிலிருந்து இம்முறை தொடங்கியது என்பர். குளிர்காலத்தில் நோய் மிகும்போதும், நிலையான பணியாளர் பேறுகால விடுப்பில் செல்லும்போதும், புதிய பிரிவு தொடங்கும்போதும் மருத்துவமனைகள் முகவர் நிறுவனங்களின் வழியே இவர்களை அமர்த்துகின்றன. பெரும்பாலான ஒப்பந்தங்கள் 13 வார அளவின. வாரத்துக்கு 12 மணி நேரப் பணி மூன்று முறை வரும். உறைவிடச் செலவுக்குத் தனித்தொகை உண்டு. ஒரு மாநிலத்து உரிமத்தைக் கொண்டு 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பணியாற்றும் உடன்பாடும் அந்நாட்டில் உண்டு. குறுகிய காலமே பணி என்பதாலும், முன்பின் அறியாத இடத்தில் விரைந்து பொறுப்பேற்க வேண்டும் என்பதாலும், நிலையான செவிலியரினும் இவர்கள் கூடுதல் ஊதியம் பெறுவது வழக்கம். நம் நாட்டிலிருந்து நேரே இம்முறையில் சேர்தல் எளிதன்று. அந்நாட்டு உரிமத் தேர்வும் குடியேற்ற அனுமதியும் பெற்று, அங்குச் சிலகாலம் பணியாற்றிய பின்னரே பெரும்பாலும் அது வாய்க்கும்.

நம் மாநிலத்தில் இதற்கு நெருங்கிய நிலையில் இருப்பவர் ஒப்பந்தச் செவிலியர். 2015இல் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வின் வாயிலாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்கு மாதத்துக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம் வழங்கப்பட்டது. இரண்டாண்டு முடிந்தும் பணி நிலைப்படாமையால் 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் திரண்டு போராடினர். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். அவ்வொப்பந்தம் பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2022 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டது. தொற்றுக் காலத்தில் கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து நின்றவர்கள் 2023 சனவரியில் வேலை கேட்டுத் தெருவில் நின்றனர்.

இவ்விரு முறைகளையும் ஒப்பிடின் ஓர் உண்மை புலப்படும். அமெரிக்காவில் பணி தற்காலிகமானது என்பதே ஊதியம் கூடுவதற்குக் காரணம். இங்கே பணி தற்காலிகமானது என்பதே ஊதியம் குறைவதற்குக் காரணம். நோயாளியின் அருகே நிற்கும் நேரத்தில் அவ்விருவர் செய்யும் வேலையில் வேறுபாடு இல்லை.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இயல்பு

ஊரிலுள்ள சிறிய மருத்துவமனையில் பழகிய செவிலி பெருநகரத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள் நுழையும்போது அவர் காண்பது வேறோர் உலகம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நோயுற்ற படைவீரர்க்கெனத் தொடங்கிய அது, 1772இல் இன்றுள்ள இடத்துக்குப் பெயர்ந்தது. 1835இல் அதனோடு மருத்துவப் பள்ளி தோன்றி, பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியாயிற்று. 2011இல் இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. நாகர்கோவிலில் மாலையில் தொடர்வண்டி ஏறி மறுநாள் காலை எழும்பூரில் இறங்கும் நம் மாவட்டத்துப் பெண் ஒருத்தி, இத்தகைய பெருமருத்துவமனையின் ஒரு கூடத்தில் பொறுப்பேற்கின்றாள் எனக் கொள்வோம்.

அக்கூடத்தில் நோயாளியைச் சுற்றிப் பலர் நிற்பர். துறைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், பட்டமேற்படிப்பு மாணவர், 'ஹவுஸ் சர்ஜன்' எனப்படும் பயிற்சி மருத்துவர், கையில் குறிப்பேட்டுடன் மருத்துவ மாணவர், செவிலியக் கல்லூரி மாணவியர் என அவ்வரிசை நீளும். ஒவ்வொரு மருத்துவப் பிரிவுக்கும் புறநோயாளி நாளும் சேர்க்கை நாளும் தனித்தனியே உண்டு. சேர்க்கை நாளன்று படுக்கைகள் நிரம்பி, தரையிலும் பாய் விரிக்க நேர்வதுண்டு. பயிற்சி மருத்துவர் சில வாரங்களுக்கு ஒருமுறை பிரிவு மாறுவர். நேற்று மருந்து எழுதியவர் இன்று வேறு கூடத்தில் இருப்பார். மருத்துவர் மாறிக்கொண்டே இருக்கும் இவ்விடத்தில் மாறாது நிற்பவர் செவிலியே. எந்தப் படுக்கையில் யார், எவர்க்கு எம்மருந்து ஒவ்வாது, எவருடைய மூச்சு நள்ளிரவில் மாறியது என்பன அவர் நினைவிலும் குறிப்பிலுமே தங்கும். புதிய பயிற்சி மருத்துவர் பிழையாக எழுதிய அளவைக் கண்டு, "ஐயா, இதை ஒருமுறை பாருங்கள்" என்று பணிவோடு திருத்தி அனுப்பும் மூத்த செவிலியர் எத்தனையோ பேர். மருத்துவக் கல்வியில் அவர்களுடைய பங்கு எந்தப் பாடநூலிலும் எழுதப்படுவதில்லை.

ஆனால் அச்செவிலியும் நேற்று வந்தவராக இருந்தால்? மருத்துவரும் புதியவர், செவிலியும் புதியவர் என்னும் நிலையில் கூடத்தின் நினைவாற்றலே இல்லாமற் போகின்றது. ஊர் கடந்து வந்த செவிலிக்கு முதல் வாரத்தில் முறையான அறிமுகப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. அவருக்குச் செய்யும் சலுகையாக இதனைக் கருதலாகாது. நோயாளியின் உயிர்க்குச் செய்யும் காப்பாகும்.

முதல் வாரத்தில் அறிய வேண்டுவன

பட்டமும் பல்லாண்டுப் பழக்கமும் உடைய செவிலிக்கும் புதிய இடத்தில் அறியாதன பல உண்டு. அவசர மருந்து வண்டி எங்கே நிற்கின்றது, உயிர்வளிக் குழாயின் அடைப்பான் எங்குள்ளது, இரவு இரண்டு மணிக்கு முதலில் யாரை அழைப்பது, அவர் வாராவிடில் அடுத்து யாரை அழைப்பது, இரத்த வங்கிக்கு எப்படிவம் என்பன சிறியனபோல் தோன்றும். இதயம் நின்ற நோயாளியின் அருகே நிற்கும்போது அவையே பெரியனவாகும்.

இடத்துக்கு இடம் அளவைகளும் மாறும். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் பல மில்லி லிட்டருக்கு 40 அலகு வலிமையின. அவற்றுக்கேற்ற ஊசிக்குழாயும் தனி. வெளிநாடுகளில் பெரும்பாலும் 100 அலகு வலிமையே வழக்கு. 100 அலகுக் குப்பியிலிருந்து 40 அலகுக் குழாயில் மருந்தெடுத்தால், நோயாளிக்கு இரண்டரை மடங்கு இன்சுலின் சென்றுவிடும். இரத்தச் சர்க்கரையை நாம் மில்லிகிராமில் கூறுகின்றோம். பிரிட்டனில் மில்லிமோலில் கூறுவர். இங்கு 180 என்பது அங்கு 10. நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்கர் அசிட்டமினோபென் என்பர்; அட்ரினலினை எபிநெப்ரின் என்பர். ஒரே பொருளுக்கு இரு பெயர் என்பது இலக்கண வகுப்பில் இன்பம் தரும். மருந்து அலமாரியின் முன் அது இடர் தரும்.

எனவேதான் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்தையும் ஒவ்வொரு முறையும் ஒப்புநோக்கும்படி செவிலியர்க்குக் கற்பிக்கின்றனர். தொலைபேசியில் மருத்துவர் கூறும் மருந்தைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்து, உடனே எழுதிக்கொள்ளவும் கற்பிக்கின்றனர். பணிமுறை மாறும் வேளையில் நோயாளிகளை ஒப்படைப்பதும் இத்தகையதே. படுக்கை படுக்கையாகச் சென்று, நோயாளியின் பெயரைக் கூறி, செய்தது இன்னது, செய்ய வேண்டுவது இன்னது எனக் கூறி ஒப்படைத்தல் வேண்டும். புதிதாக வந்தவர் கேள்வி கேட்கக் கூசலாகாது. பழையவரும் அவரது கேள்வியை அறியாமையென்று எள்ளலாகாது.

மொழியும் ஒரு மருத்துவக் கருவியே. நாஞ்சில் நாட்டில் 'தீனம்' என்றால் நோய் என்பதைச் சிறுவரும் அறிவர். சென்னையில் அச்சொல்லைக் கேட்டவர் விழிப்பர். சென்னை நோயாளி 'கிர்ருன்னு வருது' என்றால் அது தலைசுற்றல் என்பதை நம் பெண் அங்கே சென்றுதான் கற்கின்றாள். தமிழும் மலையாளமும் ஒருங்கே அறிந்திருத்தல் நம் மாவட்டத்தார்க்கு வாய்த்த பேறு. திருவனந்தபுரத்திலும் வளைகுடா மருத்துவமனைகளின் மலையாளச் செவிலியரிடையிலும் அது கைகொடுக்கும். ஆயினும் மும்பைக்குச் செல்பவர் இந்தியையும், ரியாத்துக்குச் செல்பவர் அரபு மொழியின் நடைமுறைச் சொற்களையும் முன்கூட்டியே பழகுதல் நலம். மதரஸாவில் ஓதக் கற்ற அரபு எழுத்தறிவு இவ்விடத்தே நம் பிள்ளைகளுக்குத் துணையாகும்.

எண்ணிக்கையும் உயிரும்

ஒரு செவிலியின் பொறுப்பில் எத்தனை நோயாளர் இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொதுக்கூடங்களில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலி, பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலி, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என இந்திய நர்சிங் கவுன்சில் நெறி வகுத்துள்ளது. நடைமுறை இதற்கு வெகுதொலைவில் இருப்பதை மருத்துவமனைக்குச் சென்று வந்தோர் அனைவரும் அறிவர். 2002இல் லிண்டா எய்கன் என்னும் செவிலிய ஆய்வாளரின் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. செவிலி ஒருவரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், அறுவைச் சிகிச்சை பெற்றோர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதை அக்குழு கண்டது. செவிலியர் எண்ணிக்கையைக் குறைத்து மிச்சப்படுத்தும் பணம் எவருடைய கணக்கில் பற்று வைக்கப்படுகின்றது என்பதை இவ்வாய்வு காட்டுகின்றது.

ஊதியமும் ஒப்பந்தமும்

'தொண்டு' என்னும் உயர்ந்த சொல்லைக் கூறிக் கூலியைக் குறைப்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கமாக இருந்து வருகின்றது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலையை ஆராய்ந்து பரிந்துரைக்கும்படி 2016 சனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது. அதன்படி அமைந்த ஜெகதீஷ் பிரசாத் குழு தந்த பரிந்துரைகளை ஒவ்வொரு செவிலியும் அவர் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனை, மாநில அரசுச் செவிலியர்க்கு இணையான ஊதியம் வழங்க வேண்டும். 100க்கு மேற்பட்ட படுக்கையாயின் அதனின் 10 விழுக்காட்டுக்கு மேலும், 50 முதல் 100 வரையாயின் 25 விழுக்காட்டுக்கு மேலும் குறையலாகாது. 50 படுக்கைக்கும் குறைவாயினும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது. பரிந்துரை நடைமுறையாவதற்கு மாநில அரசுகளின் சட்டம் தேவை. அச்சட்டத்தைக் கேட்டுப் பெறும் குரல் நம்மிடையே இன்னும் ஓங்கவில்லை.

மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, பணியை விட விரும்புவோரிடம் பெருந்தொகை கேட்கும் பிணைமுறை மற்றொரு தீங்கு. இதனை இந்திய நர்சிங் கவுன்சில் 2011இலேயே ஏற்கவில்லை. சான்றிதழின் மூலப்படி செவிலியின் உடைமை. சரிபார்த்த பின் அதனைத் திருப்பிப் பெறுதல் அவர் உரிமை. மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் பணிபுரியும் மாநிலத்தின் செவிலியர் கவுன்சிலில் பதிவு பெறுதலும் இன்றியமையாதது. பதிவின்றிப் பணியாற்றுவோர்க்குப் பின்னாளில் அவ்வாண்டுகளின் அனுபவச் சான்று பயன்படாமற் போகலாம்.

கடல் கடந்து செல்வோர் மேலும் விழிப்பாக இருத்தல் வேண்டும். 2015 ஏப்ரல் 30 முதல், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியரும் அவ்வனுமதி பெற்றே செல்ல வேண்டும் என மத்திய அரசு விதித்தது. அவர்களைத் தேர்ந்தனுப்பும் பொறுப்பையும் அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அது 1978இல் தொடங்கப்பெற்றது. பதிவுபெற்ற தனியார் முகவர் வழியே செல்வோரிடமும் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர மிகுதியாகப் பெற விதிகள் இடந்தருவதில்லை. இலட்சக்கணக்கில் கேட்பவர் எவராயினும் அவர் சட்டத்துக்குப் புறம்பானவர் என்பதை நம் இல்லங்கள் மனத்திற் பதித்தல் வேண்டும்.

இவ்விழிப்பு ஏன் தேவை என்பதற்கு 2014ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்றாகும். ஈராக் நாட்டின் திக்ரித் நகரிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தியச் செவிலியர் 46 பேர் பணியாற்றி வந்தனர். பெரும்பாலோர் கேரளத்தவர். அவ்வாண்டு சூன் மாதம் அந்நகர் ஆயுதக் குழுவினர் கையில் வீழ்ந்தது. மருத்துவமனைக் கட்டடத்துக்குள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த அவர்கள், பின்னர் மோசூலுக்குக் கொண்டு செல்லப்பட்டு விடுவிக்கப்பெற்றனர். சூலை 5ஆம் நாள் தனி வானூர்தியில் கொச்சியில் வந்திறங்கினர். குண்டு முழக்கத்தின் இடையிலும் அவர்களுள் பலர் ஊர் திரும்பத் தயங்கியதை அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை. முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் ஊரில் வட்டியோடு காத்திருந்தது. போரினும் கடனை அஞ்சும் நிலைக்கு ஒரு செவிலியைத் தள்ளியது எது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் இல்லங்களின் தயக்கம்

முஸ்லிம் குடும்பங்களில் பெண்மக்களைச் செவிலியத்துக்கு அனுப்பத் தயங்குவோர் கூறும் காரணங்கள் இரவுப் பணி, தனித்துறைதல், ஆடை, அயலாடவர்க்குப் பணிவிடை என்பனவாம். இவற்றை எள்ளி ஒதுக்காது ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும். நோயின் நிர்ப்பந்தத்தில் மருத்துவப் பணிவிடை அனுமதிக்கப்பட்டதே என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. ருபைதா (ரலி) அவர்களின் கூடாரம் அதற்கு முன்மாதிரி. ஆடையைப் பொறுத்தவரை, பிரிட்டனில் தொற்றுத் தடுப்புக்காக முழங்கைக்குக் கீழ் கையை மூடலாகாது என்று விதி வந்தபோது, முஸ்லிம் பணியாளரின் வேண்டுகோளை ஏற்று, ஒருமுறை அணிந்து எறியும் மேற்கைகளுக்கு 2010இல் இசைவு தரப்பட்டது. அமைதியாகக் கேட்டால் வழி பிறக்கும் என்பதற்கு இது சான்று. ஐவேளையும் ஒளூச் செய்து பழகிய கைகளுக்கு, ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கழுவுதல் அரிதன்று.

பாதுகாப்பான விடுதியும் இரவில் வாகன வசதியும் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள். அவை இல்லாத இடத்துக்கு மகளை அனுப்பத் தயங்குவது நியாயமே. ஆனால் அத்தயக்கம் தொழிலின் மீதே ஏற்படுதல் முறையன்று. இரவுப் பணி என்றதும் முகஞ்சுளிக்கும் நாமே, நம் தாய்க்கு நள்ளிரவில் மூச்சடைக்கும்போது "சிஸ்டர்!" என்று கூவி ஓடுகின்றோம். அவ்வேளையில் நம் தாயின் முகத்திரையை அறிந்து விலக்கி, அவர் மொழியில் பேசி, அவர் மானங்காத்துப் பேணும் ஒரு பெண் அங்கிருத்தல் வேண்டுமென்று விழைகின்றோம். அப்பெண்ணை எந்த வீடேனும் அனுப்பினாலன்றி அவர் எவ்வாறு வருவார்?

நாம் செய்யக் கடவன

நம்மால் இயலக்கூடியன சில உள. பீர் முகம்மது அப்பா துயில்கொள்ளும் தக்கலையிலும், திருவிதாங்கோடு, கோட்டாறு, இடலாக்குடி, குளச்சல் ஆகிய ஊர்களிலும் உள்ள ஜமாஅத்துகள், தம் பைத்துல்மால் நிதியில் ஒரு பகுதியைச் செவிலியர்க்கெனவே ஒதுக்கலாம். உரிமத் தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம், மொழிப் பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றுக்கு அதிலிருந்து வட்டியில்லாத அழகிய கடன் வழங்கலாம். வட்டிக்குக் கடன் வாங்கி முகவரிடம் கொடுக்கும் நிலை ஒழியுமாயின் பாதித் துன்பம் ஒழிந்தவாறே. இத்தகைய உதவி சமயம் பாராது அண்டை வீட்டார்க்கும் உரியதாதல் நம் மரபுக்குப் பெருமை.

இரண்டாவதாக, பணி ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் கூறும் உதவி மையமொன்றைக் கல்லூரி அமைக்கலாம். ஊதியம், பணி நேரம், விடுப்பு, உறைவிடம், அறிமுகப் பயிற்சி நாள்கள், ஒப்பந்தத்தை முறிக்கும் முறை ஆகிய ஆறும் எழுத்தில் உளவா என்று பார்த்துச் சொல்ல ஆங்கிலமும் தமிழும் அறிந்த ஆசிரியர் இருவர் போதும். மூன்றாவதாக, வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணியாற்றித் திரும்பிய மூத்த செவிலியரை மேடைக்கு அழைத்து, மாணவியர் முன் பேசச் செய்யலாம். மருத்துவருக்கும் பொறியாளருக்கும் பொன்னாடை போர்த்தும் நம் விழாக்களில் செவிலிக்குப் பொன்னாடை போர்த்தக் கண்டவர் மிகச் சிலரே.

உழைத்தவர் கூலியைக் காலந்தாழ்த்தலாகாது என்னும் நபிமொழியை நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே மனனம் செய்கின்றனர். அகழ்ப் போர்க் காலத்துக் கூடாரம் தொட்டு இன்றைய பெருநகர மருத்துவமனை வரை செவிலியின் பணி ஒன்றே. அதற்குரிய மதிப்பும், ஊதியமும், முறையான வரவேற்பும் அளிக்கும் சமுதாயமே தன் நோயாளிகளையும் காத்துக்கொள்ளும். ஊர் கடந்து செல்லும் நம் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் வல்ல இறைவன் நலமும் பாதுகாப்பும் நல்குவானாக! அவர்களை வெறுங்கையோடு அனுப்பாத கடமையுணர்வை நமக்கும் அருள்வானாக!